கரன்ட் இல்லாமல் ஏப்ரல் வரை மரக்கறி: ஒன்ராறியோ வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு பதில்

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் (Markham) நகரில் வீடு, பின்வளவில் நல்ல விளைச்சல். உருளைக்கிழங்கு, கரட், பீற்றூட், கோவா, வெங்காயம், பூசணி எல்லாம் ஒரேயடியாக வரப்போகிறது. இன்னொரு பிரீசர் வாங்க விருப்பமில்லை. கரன்ட் இல்லாமல் ஏப்ரல் வரை வைத்துச் சாப்பிட வழி உண்டா, அதற்கு நிலத்தில் கிடங்கு வெட்டத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வழி உண்டு. கிடங்கு பெரும்பாலும் தேவைப்படாது. பேஸ்மென்டில் இருந்து ஒரு கனமான கதவைத் திறந்தால், முன்வாசல் படிக்கட்டுக்குக் கீழே சின்னதாக ஒரு சிமெந்து அறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள புறநகர் வீடுகளில் அது நிறையவே உண்டு. மேலே முன்வாசல் சிமெந்துத் தட்டு, மண்ணில் புதைந்த சுவர்கள், ஒன்றோ இரண்டோ காற்றுத் துவாரம். இத்தாலியக் குடும்பங்கள் அதில் வைனும் தக்காளிச் சோஸும் தொங்கவிட்ட சலாமியும் வைத்திருப்பார்கள். எங்கள் வீடுகளில் பயணப் பெட்டி, பெயின்ற் வாளி, பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய பேப்பர்த் தட்டுகள். இவ்வளவு நல்ல களஞ்சியம் அப்படி அடைபட்டுக் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இந்த நாட்டுக்கு இது புதிய வித்தை இல்லை. நியூபவுண்ட்லாந்தின் பொனவிஸ்ரா முனையில் எலிஸ்ரன் என்று ஒரு சின்ன மீன்பிடி ஊர். சரிவுகளைக் குடைந்து, கல்லடுக்கி, மேலே மண்ணும் புல்லும் மூடிய கிழங்கு நிலவறைகள் அங்கே 130க்கு மேல் இருக்கின்றன. மிகப் பழையவை 1839ஆம் ஆண்டு வரை பின்னோக்கிப் போகின்றன. உருளைக்கிழங்கு, டேர்னிப், கரட், கோவா ஆகியவற்றை வைத்துத்தான் அந்த மக்கள் நீண்ட குளிர்காலங்களைக் கடந்தார்கள். அவற்றின் வாசலில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கதவுகள் இருக்கும். வெளிக்கதவைச் சாத்திய பிறகுதான் உட்கதவைத் திறப்பார்கள். இடையில் நிற்கும் காற்றுத்தான் குளிருக்குத் தடுப்பு. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே ஒன்ராறியோவில் இரொக்குவோய் என்ற பழங்குடி மக்களின் ஊர்களில் மரப்பட்டையும் புல்லும் விரித்த நிலக்குழிகளில் சோளம் வைத்திருந்தார்கள். பூசணியை வளையமாக வெட்டிக் காயவைத்தார்கள்.

பிடுங்கிய பிறகும் கரட்டுக்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. தன்னிடமுள்ள சர்க்கரையை எரித்து வெப்பத்தையும் நீராவியையும் வெளிவிடுகிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் அந்த மூச்சு இரண்டு, மூன்று மடங்கு வேகமாகும். (இந்தப் பதிலில் வரும் பாகை எல்லாம் செல்சியஸ்.) ஆகவே குளிர் தேவை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே குளிர் சரிவராது. மரக்கறி அழுகிப் போய்விட்டது என்று சொல்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் கரட்டும் வெங்காயமும் பூசணியும் ஒரே மூலையில்தான் இருந்திருக்கும்.

உங்களுக்கு நான்கு விதமான இடங்கள் வேண்டும். கரட், பீற்றூட், முள்ளங்கி, டேர்னிப், கோவா ஆகியவற்றுக்கு 0 முதல் 2 பாகை வரை, ஈரப்பதன் 95 வீதத்துக்குக் கிட்ட. உருளைக்கிழங்குக்கும் ஈரம் வேண்டும், இருட்டு கட்டாயம் வேண்டும், ஆனால் கொஞ்சம் சூடாக, 4 முதல் 7 பாகை. வெங்காயத்துக்கும் உள்ளிக்கும் வறண்ட, காற்றோட்டமான இடம். பூசணிக்கு 10 பாகைக்கும் வத்தாளைக்கு 13 பாகைக்கும் கீழே போகவே கூடாது. முதல் இரண்டுக்கும் அந்தச் சிமெந்து அறை. மற்றவை வீட்டுக்குள்ளேயே.

எல்லாரும் ஜனவரிக் குளிருக்குத்தான் பயப்படுவார்கள். உண்மையான சிக்கல் ஒக்ரோபரில் இருக்கிறது. கோடை வெயில் முழுவதையும் வாங்கிய மண்ணும் சிமெந்தும் மெதுவாகத்தான் ஆறும். வெளியில் இரவில் 3 பாகை இருக்கும்போது அந்த அறை இன்னும் 14, 15 பாகையில் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு மூட்டை கரட்டை உள்ளே வைத்தால் நவம்பருக்குள் முளைத்து, தோல் சுருங்கி, நுனி கறுத்துவிடும். அதனால் முதலில் அறையைக் குளிராக்க வேண்டும். இரவு படுக்கப் போகுமுன் துவாரங்களைத் திறந்துவிடுங்கள், காலையில் வெயில் ஏறுமுன் மூடுங்கள். ஒக்ரோபர் முழுக்க இதைச் செய்தால் நவம்பர் நடுப்பகுதியில் அறை 5 பாகைக்கு வந்துவிடும்.

துவாரத்தைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலான அறைகளில் இரண்டு துவாரமும் கூரைக்குக் கிட்ட, ஒரே உயரத்தில் இருக்கும். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் காற்று ஓடாது. ஹார்ட்வெயர் கடையில் பிளாஸ்டிக் வடிகால் குழாயும் ஒரு முழங்கைத் துண்டும் வாங்கி, ஒரு துவாரத்தில் பொருத்தி, நிலத்துக்கு ஒரு சாண் மேலே வரை இறக்குங்கள். கனமான குளிர்காற்று அதன் வழியே கீழே இறங்கும், சூடான காற்று மற்றத் துவாரத்தால் மேலே போய்விடும். மோட்டாரும் இல்லை, விசிறியும் இல்லை. ஒரே ஒரு துவாரம்தான் என்றால் அதிலேயே ஒரு பாதியில் குழாயைப் பொருத்தி, மற்றப் பாதியை வெளியேறும் காற்றுக்கு விடலாம். எலி வராமல் வெளிப்பக்கம் இரும்பு வலை அடியுங்கள். பேஸ்மென்ட் பக்கத்துக் கதவின் விளிம்பில் ரப்பர் பட்டியும் கதவில் தேர்மோகோல் பலகையும் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வீட்டுச் சூடு அந்த வழியால் வந்துகொண்டே இருக்கும்.

இரண்டு வெப்பமானி வாங்கி ஒன்றை நிலத்திலும் மற்றதை மேல்தட்டிலும் வையுங்கள். இரண்டுக்கும் இடையே சில பாகை வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசம் உங்களுக்கு நல்லது: நிலத்தில் கரட், மேல்தட்டில் உருளைக்கிழங்கு. வெளியே மைனஸ் 20க்குப் போகும் நாட்களில் துவாரங்களை ஏறக்குறைய முழுக்க மூடிவிட்டு, இரண்டு மூன்று வாளி தண்ணீர் உள்ளே வையுங்கள். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். அது பனிக்கட்டியாகும் வரை அறை 0க்குக் கீழே இலகுவில் போகாது. பழைய பண்ணைக்காரர்கள் பெரிய தொட்டிகளில் தண்ணீர் வைத்ததற்குக் காரணம் இதுதான். அதே தண்ணீர் ஈரப்பதனையும் தரும்.

அறை ஆறும் வரை கரட்டும் பீற்றூட்டும் கோவாவும் தோட்டத்திலேயே நிற்கட்டும். உறைபனி பட்டால் கரட் கூடுதலாக இனிக்கும். மண்ணுக்கு மேலே தோள் தெரிகிற பீற்றூட்டை மட்டும் கடும் உறைபனிக்கு முன் எடுத்துவிடுங்கள்.

கரட் கட்டுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சரியாகச் செய்தவர்கள் ஏப்ரலிலும் முறித்தால் சத்தம் வரும் கரட் சாப்பிடுகிறார்கள். மழை பெய்யாத நாளில் கிண்டுங்கள். இழுக்காதீர்கள், முள்ளுமண்வெட்டியால் பக்கத்தில் குத்தி நெம்புங்கள். கழுவ வேண்டாம், மண்ணைக் கையால் உதிர்த்தால் போதும். இலையை, கிழங்கு வெட்டுப்படாமல், அரை அங்குலம் விட்டு அன்றைக்கே வெட்டுங்கள். இலை இருந்தால் அது கிழங்கின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பீற்றூட்டுக்கு இரண்டு அங்குலம் விடுங்கள், வாலையும் வெட்டாதீர்கள், வெட்டினால் சாயம் ஒழுகும். வெடித்தது, புழு தின்றது, மண்வெட்டி பட்டது எல்லாவற்றையும் தனியே போட்டு அந்தக் கிழமையே சமையுங்கள்.

பிறகு மணல். சிறுவர் விளையாட்டுக்கு விற்கும் கழுவிய மணல் நல்லது. தண்ணீர் தெளித்துப் பிட்டுக்குக் குழைத்த மா போல வரும்வரை பிசையுங்கள்: கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் பட்டால் உதிர வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மரப்பெட்டியிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோ இரண்டு அங்குலம் மணல், மேலே ஒன்றையொன்று தொடாமல் ஒரு வரிசை கரட், திரும்ப மணல். ஒன்று அழுகினால் அது பக்கத்தில் இருப்பதைத் தொடக் கூடாது என்பதற்குத்தான் இந்த இடைவெளி. மூடியை இறுக்காமல் வையுங்கள். பெட்டியைச் சிறிதாக எடுங்கள், மணல் நிரம்பிய பெரிய தொட்டியை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். மணல் பாரம் என்றால் மரத்தூள் பாவிக்கலாம், அதே ஈரம்தான்.

அப்பிளை இந்த அறைக்குள் விடாதீர்கள். அது வெளிவிடும் எதிலீன் வாயு கரட்டைக் கசக்கச் செய்யும், கோவா இலையை மஞ்சளாக்கும். தோட்டத்தில் அப்பிள் மரம் இருந்தால் அதற்கு வேறு இடம் பாருங்கள்.

கோவாவைப் பிந்திய இனமாக, இறுக்கமான உருண்டையாகப் பார்த்து எடுத்து, வேரோடு பிடுங்கி, தலைகீழாகத் தொங்கவிடலாம். வெளியிலைகள் காய்ந்து உள்ளிருப்பதைக் காக்கும். மணம் வீட்டுக்குள் வரும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது சில வீடுகளில் சண்டையாகும். அதற்கும் வழி உண்டு: அரைவாசியைப் புளிக்க வையுங்கள். மெல்லியதாகச் சீவிய கோவா ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு, பிசைந்தால் அதன் சொந்த நீரே ஊறிவரும், அந்த நீருக்குள் அமிழ்ந்திருக்கும்படி பாரம் வைத்து, 20 பாகை அளவில் மூன்று நான்கு கிழமை. பிறகு குளிரறைக்கு மாற்றினால் வசந்தகாலம் வரை நிற்கும். கொரியர்கள் கிம்சிச் சாடியை மண்ணில் கழுத்துவரை புதைப்பதும் இதே கணக்குத்தான். குடும்பங்கள் கூடிக் குளிர்காலக் கிம்சி போடும் அந்த வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

உருளைக்கிழங்கை, கொடி பட்டுப் போய் இரண்டு கிழமை கழித்துக் கிண்டுங்கள், அப்போதுதான் தோல் முற்றும். பெருவிரலால் தேய்த்தால் தோல் உரியக் கூடாது. இருட்டில், 10 முதல் 15 பாகையில் பத்துப் பன்னிரண்டு நாள் விரித்து வைத்தால் கீறல்கள் ஆறிவிடும். பிறகு மேல்தட்டுக்கு. வெளிச்சம் பட்டால் பச்சையாகும், பச்சையான இடத்தில் சொலனின் என்ற நஞ்சு சேர்ந்திருக்கும், அதைச் சாப்பிடக் கூடாது. 4 பாகைக்குக் கீழே போனால் மாப்பொருள் சர்க்கரையாக மாறும். கறிக்குப் பரவாயில்லை, பொரித்தால் கறுத்துக் கசக்கும். அப்படி ஆனதைச் சமையலறையில் ஒன்றிரண்டு கிழமை வைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். இனம் தெரிவதென்றால் கெனபெக், ரசற் பேர்பாங்க் இரண்டும் நன்றாக நிற்கும்.

வெங்காயத்தில் கண்ணில் நீர் வரவைக்கும் காரமான சின்ன மஞ்சள் வெங்காயம்தான் நிற்கும். இனிப்பான பெரிய ஸ்பானிஷ் வெங்காயத்தைக் கிறிஸ்மஸுக்கு முன் முடித்துவிடுங்கள். தாள் சாய்ந்த பிறகு பிடுங்கி, மழை படாத இடத்தில் இரண்டு மூன்று கிழமை, கழுத்து காகிதம்போல் காயும்வரை விடுங்கள். தடித்த கழுத்துள்ளவை நிற்காது. உள்ளியையும் இப்படியே பதப்படுத்தி, வீட்டுக்குள் வறண்ட மூலையில் பின்னித் தொங்கவிடுங்கள். 5 முதல் 10 பாகை வரையுள்ள இடம்தான் உள்ளியை முளைக்கத் தூண்டும், ஆகவே அந்தச் சிமெந்து அறை அதற்கு ஆகாது.

உள்ளியை எண்ணெயில் போட்டுச் சமையலறைத் தட்டில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள், கொடிய நஞ்சைச் சுரக்கும் பொட்டுலிசம் கிருமி வளரும். 1985இல் வான்கூவரில் ஒரு உணவகத்தின் உள்ளி எண்ணெயால் 36 பேர் நோயுற்றார்கள். மணமோ நிறமோ மாறாமலேயே அந்த நஞ்சு இருக்கும். எலுமிச்சைப் புளியும் உப்பும் நிறைந்த ஊறுகாய் வேறு, வெறும் எண்ணெய் வேறு. அதே காரணத்தால் போஞ்சி, கரட் போன்ற புளிப்பில்லாதவற்றைச் சாதாரண கொதிநீரில் போத்தலில் அடைக்கவும் கூடாது. அதற்குப் போத்தல் அடைக்கவென்றே செய்த அழுத்தப் பாத்திரம் (pressure canner) வேண்டும்.

பூசணியில் எங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. நாங்கள் கறிக்குப் போடும் சர்க்கரைப் பூசணியும் கடையில் விற்கும் பட்டர்நட்டும் தாவரவியலில் ஒரே இனம். இரண்டுமே நீண்ட நாள் நிற்கும். ஹலோவினுக்கு விற்கும் செம்மஞ்சள் பூசணி வேறு இனம், அது வெகுநாள் தாங்காது. நகத்தால் குத்தினால் தோல் இறங்காத அளவு முற்றியதும், காம்பை நான்கு விரல் நீளம் விட்டு வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், உடைந்தால் அழுகல் அந்த வழியால்தான் நுழையும். 27 பாகை அளவில் பத்து நாள் வைத்துத் தோலை இறுக்கிய பிறகு, கட்டிலுக்குக் கீழேயோ பாவிக்காத அறை மூலையிலோ ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். நீற்றுப் பூசணி முற்றிக் கிடைத்தால் அதன் மேலுள்ள சாம்பல் பூச்சைத் துடைக்காமல் வையுங்கள், அந்த மெழுகுதான் உள்ளே இருக்கும் நீரைக் காக்கிறது. வத்தாளையையும் வெதுவெதுப்பான ஈரமான இடத்தில் ஒரு கிழமை வைத்து ஆற்றிவிட்டு, 13 பாகைக்குக் குறையாத இடத்தில் வையுங்கள். குளிர் பட்டால் உள்ளே கட்டியாகி, அவித்தாலும் வேகாது.

கத்தரி, வெண்டி, பாவற்காய், பயிற்றங்காய் பற்றியும் நீங்கள் யோசிப்பீர்கள். அவை வெப்ப நாட்டுப் பயிர்கள். குளிரறையில் வைத்தால் சில நாளிலேயே தோல் குழிவிழுந்து விதை கறுக்கும். அவற்றுக்கு எங்கள் ஆச்சிமாரின் வழிதான் சரி, வற்றல் போடுங்கள். ஓகஸ்ட் வெயில் போதும். பாவற்காயை வட்டமாக அரிந்து உப்புப் பிரட்டி, சல்லடை போன்ற வலைத்தட்டில் காற்று கீழிருந்தும் வரும்படி காயப்போடுங்கள். ஊரில் மூன்று நாலு நாளில் காயும், இங்கே அதைவிடக் கூடுதலாகப் பிடிக்கும். மாலையில் பனி இறங்குமுன் கட்டாயம் உள்ளே எடுங்கள். வளைத்தால் ஒடிய வேண்டும். போத்தலில் போட்ட முதல் கிழமை தினமும் பாருங்கள், கண்ணாடியில் ஈரம் தெரிந்தால் திரும்ப வெளியே. மோர்மிளகாயும் அப்படியே. பச்சைத் தக்காளியை மட்டும் உறைபனிக்கு முன் பறித்து, ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றி 15 பாகை அளவில் வைத்தால், நவம்பர் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுக்கும்.

அப்படியொரு அறை உங்கள் வீட்டில் இல்லை என்றால் கரட்டையும் லீக்ஸையும் தோட்டத்திலேயே விடுங்கள். மண் உறைய முன், நவம்பரில், பாத்தியின் மேல் ஒரு அடி கனத்துக்கு வைக்கோல் போட்டு, பறக்காமல் பழைய தார்ப்பாயால் மூடுங்கள். கொட்டிக் கிடக்கும் பனிக்குள் அடையாளம் தெரிய நாலு மூலையிலும் தடி நாட்டுங்கள். வேண்டியபோது ஒரு பக்கத்தை விலக்கிக் கிண்டலாம். அதற்கும் மேலே வேண்டுமென்றால், அடியில் துளையிட்ட இரும்புக் குப்பைத் தொட்டியை, விளிம்பு நிலத்துக்கு நாலு விரல் மேலே நிற்கும்படி புதைத்து, கிழங்கும் வைக்கோலும் மாறி மாறி அடுக்கி, மூடிக்கு மேல் இரண்டு வைக்கோல் கட்டு வைத்தால் அது ஒரு சின்ன நிலவறை. மழைநீர் தேங்கும் தாழ்வான இடத்தில் மட்டும் புதைக்காதீர்கள். சூடேற்றாத கராஜை நம்ப வேண்டாம், மண் சூழாத இடம் வெளிக்காற்றோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

2013 டிசெம்பர் கடைசியில் வந்த உறைமழைப் புயலில் ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போய், பல வீடுகள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படியொரு நேரத்தில் மண்ணுக்குள் இருக்கும் அறை கரன்ட் போனதை அறியவே அறியாது. ஆனால் கட்டிலுக்குக் கீழே இருக்கும் பூசணிக்கு ஆபத்து, வீடு ஆறத் தொடங்கினால் அதைக் கம்பளியால் மூடிவிடுங்கள்.

கிழமைக்கு ஒருமுறை ரோர்ச் லைட்டோடு உள்ளே போய் மணந்து பாருங்கள். கண்ணுக்குமுன் மூக்கு கண்டுபிடிக்கும். மென்மையானதை, முளைவிட்டதை முதலில் சமையலுக்கு எடுங்கள், நல்லதைக் கடைசிக்கு விடுங்கள். மணல் வெளிறினால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். மார்ச் பாதியில் பகல் சூடு ஏறத் தொடங்கும்போது ஒக்ரோபரில் செய்த இரவுத் துவார வேலையைத் திரும்பத் தொடங்கினால் இன்னும் மூன்று நாலு கிழமை கிடைக்கும். எல்லாம் முடிந்ததும் பெட்டிகளைக் கழுவி மே மாத வெயிலில் காயவைத்து, பழைய மணலைத் தோட்டத்துப் பாதையில் கொட்டிவிடுங்கள். அதில் அழுகல் கிருமி தங்கியிருக்கும், அடுத்த ஆண்டுக்குப் புது மணல் எடுங்கள்.